மடிக்குப் போன சுண்ணாம்பு

தொழுவத்தில் இருக்கிற மாடுகளிலேயே நல்ல கறவை எதுவோ, அதுதான் விழும். மூன்றாவது ஈத்தோ நான்காவது ஈத்தோ இருக்கும். கன்றும் சிரமமில்லாமல் விழுந்திருக்கும், நஞ்சுக்கொடியும் போட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து மடியைப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவை எட்டு லிட்டருக்குக் குறையாது” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். மறுநாள் விடியும்போது மாடு படுத்தபடி கிடக்கும். தட்டினாலும் எழாது, வாலை முறுக்கினாலும் எழாது. திருவாடானைப் பக்கத்துக் கிராமங்களில் இதற்குச் சட்டென்று வரும் விளக்கம், “கண்ணு பட்டுருச்சு.” மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவார்கள்.

அந்த விளக்கத்தைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நல்ல மாட்டைத் தேடி வருகிறது; கன்று போட்ட இரண்டு மூன்று நாளைக்குள் வருகிறது; முதல் ஈத்துக் கிடாரிகளை அநேகமாகத் தொடுவதில்லை. மூன்றும் கால்நடை மருத்துவப் பாடநூலில் இருப்பவைதாம். காரணத்தில்தான் வித்தியாசம். மாட்டின் ரத்தத்தில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச்சத்து, திடீரென்று சரிந்துவிட்டது. மருத்துவர்கள் இதைப் பால் காய்ச்சல் என்றும் பால் சுரம் என்றும் சொல்கிறார்கள். ஆனால் காய்ச்சல் இருக்காது. தெர்மாமீட்டர் வைத்தால் வழக்கமான 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைவிடக் குறைவாகவே காட்டும். காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். சித்திரை வெயிலில் வெட்டவெளியில் விழுந்த மாடாக இருந்தால் மட்டும் வெயில் ஏறி உடம்பு சுடும். அதைக் காய்ச்சல் என்று நினைத்து ஊசி தேடி அலைபவர்கள் உண்டு.

விழுவதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது. மாடு தள்ளாடும், பின்னங்கால்கள் பின்னும், விலாத் தோல் துடிக்கும், தீனியை முகர்ந்துவிட்டு விலகும். இது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்தான். இரவில் நடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? காலையில் நாம் காண்பது இரண்டாம் கட்டம். நெஞ்சை ஊன்றிப் படுத்து, கழுத்தை ஒரு பக்கமாக வளைத்துத் தலையை விலாவில் சாய்த்திருக்கும். தூங்குகிறது என்றுதான் தோன்றும். மூக்கு நுனி காய்ந்து கிடக்கும். சாணி இல்லை, மூத்திரம் இல்லை, அசை போடுவது நின்றுவிடும், வயிறு மெல்ல உப்பும். இதயம் வேகமாக, ஆனால் பலவீனமாக அடிக்கும். கவனிக்காமல் விட்டால் மாடு பக்கவாட்டில் சரிந்து காலை நீட்டிவிடும். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது சில மணி நேரம்தான்.

சுண்ணாம்புச்சத்து என்றால் எலும்பும் பல்லும்தான் நினைவுக்கு வரும். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் அங்கேதான் இருக்கிறது என்பதால் அதில் தவறில்லை. ஆனால் உயிரைப் பிடித்து வைத்திருப்பது மிச்சமுள்ள ஒரு சதவீதம். நரம்பு தசைக்கு ‘சுருங்கு’ என்று உத்தரவு தரும் ஒவ்வொரு முறையும், நரம்பின் நுனிக்குள் கால்சியம் நுழைந்தால்தான் அசிட்டைல்கோலின் என்ற தூது ரசாயனம் வெளியே கொட்டும். கால்சியம் இல்லையென்றால் உத்தரவு கிளம்பும், போய்ச் சேராது. காலும் கழுத்தும் மட்டுமல்ல, இரைப்பை, குடல், கருப்பை, கடைசியில் இதயம் வரைக்கும் இதே கதைதான்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். நம் பக்கத்து ஜெர்சி கலப்பின மாடு ஏறக்குறைய 350 கிலோ எடை இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி ரத்தநீரில் சாதாரணமாக 8.5 முதல் 10 மில்லிகிராம் கால்சியம். முழு மாட்டுக்கும் கூட்டினால் ஓடுகிற ரத்தத்தில் மொத்தமே 2 கிராம் தேறாது, ஒரு சிட்டிகைதான். சீம்பாலிலோ லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பின்னால் வரும் பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் நாளில் 5 லிட்டர் சீம்பால் கறந்தால் 10 கிராமுக்கு மேல் மடி வழியாக வெளியே போகிறது. ரத்தத்தில் இருந்ததைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல், ஒரே நாளில். சுற்று வீட்டுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகச் சீம்பால் கொடுத்து அனுப்புகிற வழக்கத்தில் எவ்வளவு சுண்ணாம்பு ஊர்வலம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் எல்லா மாடும் விழுவதில்லை. எலும்பில் நாலு கிலோவுக்கு மேல் சேமிப்பு இருக்கிறது. 10 கிராம் பற்றாக்குறை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. பிரச்சினை சேமிப்பில் இல்லை, எடுப்பதற்கு ஆகும் நேரத்தில்தான் இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மூன்று வழியில் வேலை செய்கிறது. சிறுநீரகத்திடம், கால்சியத்தை மூத்திரத்தில் விடாதே என்கிறது. அங்கே வேலை சீக்கிரம் நடக்கும், ஆனால் மிச்சமாவது கொஞ்சம்தான். அதே சிறுநீரகம் வைட்டமின் டி-யை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றித் தர, குடல் தீவனத்திலிருந்து அதிகக் கால்சியத்தை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. இதற்கு ஏறத்தாழ 24 மணி நேரம். எலும்பைக் கரைக்கும் செல்கள் முழு வேகம் பிடிக்க 48 மணி நேரம். மடியோ இரண்டு நாள் காத்திருக்காது. இந்த இடைவெளியில்தான் மாடு விழுகிறது.

வயதானால் ஏன் அதிகம் என்பதும் இதிலேயே விளங்கும். இளம் மாட்டின் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் கொடுக்கல் வாங்கல் சுறுசுறுப்பாக இருக்கும். ஐந்தாறு வயதுக்கு மேல் அந்தப் புழக்கம் மந்தமாகிவிடும். ஜெர்சியின் குடலில் வைட்டமின் டி-யை ஏற்கும் இடங்களே குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அத்தோடு எடைக்குத் தகுந்த அளவில் பார்த்தால் பால் அதிகம்.

இந்த ஜெர்சிதான் இன்றைக்கு நம் சமவெளி மாடு. தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கைப்படி சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, நீலகிரி போன்ற மலைப் பகுதிக்கு ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன். 2011-ல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாட்டுத் திட்டம், மாடு வளர்த்துப் பழகாத வீடுகளுக்கும் கறவையைக் கொண்டுபோனது. அதற்கு முன் இந்த வட்டாரம் பார்த்தது பெரும்பாலும் உழவுக்கும் எருவுக்கும் வைத்திருந்த நாட்டு மாடு. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகள் கிடை போட வரும். அவை கன்றுக்குப் போக ஒன்றிரண்டு லிட்டர் தந்தால் பெரிது. அவ்வளவு சின்ன மடியிடம் ரத்தத்தைக் காலி செய்யத் தெம்பு இல்லை. பெரியவர்கள் சிலர், “எங்க காலத்துல மாடு இப்படி விழுந்ததே இல்ல” என்பதில் பழம்பெருமையும் கொஞ்சம் உண்டு, உண்மையும் உண்டு.

இந்த நோயைப் புரிந்துகொண்ட கதை வேடிக்கையானது. 1897 வாக்கில் டென்மார்க்கில் கோல்டிங் என்ற ஊரில் ஷ்மிட் என்றொரு கால்நடை மருத்துவர் இருந்தார். அந்தக் காலத்தில் பால் காய்ச்சல் வந்த மாடுகளில் பாதிக்கு மேல் செத்துப் போகும். மடியில் ஏதோ நச்சுக் கிருமி இருக்கிறது, அதைக் கொல்ல வேண்டும் என்று நினைத்த ஷ்மிட், பொட்டாசியம் அயோடைடு கரைசலைக் காம்பு வழியாக மடிக்குள் செலுத்தினார். மாடுகள் எழுந்து நின்றன. சாவு வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பா முழுக்க அந்த முறை பரவியது. 1901-ல் இன்னொரு டேனிஷ் மருத்துவர், ஆண்டர்சன், மருந்தே இல்லாமல் வெறும் காற்றை மடிக்குள் அடித்துப் பார்த்தார். இன்னும் நன்றாக வேலை செய்தது! நூறு மாட்டில் ஒன்றுதான் சாகும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. விவசாயிகள் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினார்கள். காற்றடித்து, காம்புகளை நாடாவால் கட்டிவிட்டால் சில மணி நேரத்தில் மாடு எழுந்துவிடும்.

மடியில் கிருமியும் இல்லை, நஞ்சும் இல்லை. காற்று நிரம்பி மடிக்குள் அழுத்தம் கூடியதும் பால் சுரப்பது நின்றது. ரத்தத்திலிருந்து சுண்ணாம்பு போவதும் நின்றது. மிச்சமிருந்ததை வைத்து மாடு பிழைத்துக்கொண்டது. சிகிச்சை சரி, காரணம் தவறு. கால் நூற்றாண்டுக்கு மேல் இப்படியே ஓடியது. 1925-ல்தான் எடின்பரோவில் டிரையர், கிரெய்க் இருவரும் இது ரத்தக் கால்சியம் குறைவு என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதே ஆண்டில் லிட்டில், ரைட் என்ற இருவர், விழுந்த மாடுகளின் ரத்தத்தை அளந்து கால்சியம் சரிந்திருப்பதைக் காட்டினார்கள். டிரையரும் கிரெய்க்கும் 1935-ல் கால்சியம் போரோகுளுக்கோனேட் என்ற உப்பைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர் மாட்டாஸ்பத்திரி அலமாரியில் இன்று நிற்கிற 450 மில்லி பாட்டிலுக்குள் இருப்பது அதுதான். தொண்ணூறு ஆண்டாகியும் அதைவிட நல்லது வரவில்லை.

சைக்கிள் பம்பை இப்போது யாரும் எடுக்க வேண்டாம். அழுக்குக் காற்று போனால் மடிநோய் நிச்சயம். ஆனால் அதே தத்துவம் வேறு வடிவத்தில் நம் வீடுகளில் இருந்திருக்கிறது. கன்று போட்ட முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதே, கன்றுக்கு வேண்டியதை விட்டுவிட்டு அளவாக எடு என்று பாட்டிமார் சொல்வது. மருத்துவர்களும் விழும் வாய்ப்புள்ள மாட்டுக்கு இதையே சொல்கிறார்கள். கன்றுக்கு மட்டும் குறை வைக்கக் கூடாது. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அதற்குச் சீம்பால் போய்விட வேண்டும்.

சிகிச்சையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கொட்டகை விட்டத்திலோ வேப்பங்கிளையிலோ பாட்டிலைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். கழுத்துச் சிரையில் தடித்த ஊசி. டாக்டர் ஒரு கையால் குழாயின் திருகைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்டெதாஸ்கோப்பை முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தபடி குந்தியிருப்பார். மருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குப் பொறுக்காது.

“சட்டுனு ஏத்திவிடுங்கய்யா, வாயில்லாச் சீவன் கிடந்து தவிக்குது.”

“சட்டுனு ஏத்துனா நெஞ்சு நின்னுபோகும் ஆத்தா. செத்த பொறுங்க.”

அவர் சொல்வது மிகையில்லை. குறைந்தாலும் ஆபத்து, ஒரேயடியாகக் கூடினாலும் ஆபத்து. மொத்த ரத்தத்திலும் 2 கிராம் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாட்டில் 8, 9 கிராமைக் கொண்டுவருகிறது. பத்து நிமிடத்துக்குக் குறையாமல், இதயத் துடிப்பைக் கேட்டுக்கேட்டுத்தான் விட வேண்டும். துடிப்பு தாறுமாறானால் உடனே நிறுத்த வேண்டும். மருந்துக்கடையில் பாட்டிலை வாங்கிவந்து தெரிந்த ஆளை வைத்து ஏற்றிக்கொள்பவர்கள் இழக்கும் மாடுகளில் சிலவாவது நோயில் சாகவில்லை, அவசரத்தில் செத்தவை.

பாதி பாட்டில் இறங்கும்போதே மாற்றம் தெரியும். தோளிலும் தொடையிலும் சதை நடுங்கும். பெரிய ஏப்பம் ஒன்று வரும். நின்றுபோன இரைப்பை மறுபடி ஓடுகிறது. காய்ந்து கிடந்த மூக்கு நுனியில் முத்து முத்தாக வேர்வை துளிர்க்கும். டாக்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சாணி. கொஞ்ச நேரத்தில் பின்காலை ஊன்றி, ஒரு தரம் தடுமாறி, எழுந்து நிற்கும். நான்கில் மூன்று மாடுகள் இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். கால்நடை மருத்துவத்தில் இவ்வளவு பளிச்சென்று பலன் தெரிகிற வைத்தியம் வேறு இல்லை. எழுந்தவற்றிலும் நாலில் ஒன்று அடுத்த ஒன்றிரண்டு நாளில் திரும்ப விழலாம். அதனால்தான் சில டாக்டர்கள் கொஞ்சம் மருந்தைத் தோலுக்கடியிலும் போடுவார்கள், அது மெல்ல மெல்ல இறங்கும்.

டாக்டர் வருவதற்குள் நாம் செய்வதுதான் பல நேரம் மாட்டைக் கொல்கிறது. விழுந்த மாட்டின் வாயைப் பிளந்து மூங்கில் குழாயால் கஷாயம், கருப்பட்டித் தண்ணீர், நல்லெண்ணெய் ஊற்றுவது பழக்கம். எழுந்து நிற்கிற மாட்டுக்கு அது ஒத்துப்போகலாம். கால்சியம் இறங்கிய மாட்டுக்கு விழுங்கும் தசையும் வேலை செய்யாது. ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். கால்சியம் ஏற்றி மாடு எழுந்துவிடும், நாலு நாள் கழித்து நுரையீரல் அழுகிச் சாகும். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. செய்ய வேண்டியது, மாடு பக்கவாட்டில் சாயாமல் இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டை அண்டக் கொடுத்து நெஞ்சின்மேல் நிமிர்த்தி வைப்பது. சிமென்ட் தரையாக இருந்தால் மணலோ வைக்கோலோ பரப்பி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறு பக்கம் புரட்டிப் படுக்க வைப்பது. ஐந்தாறு மணி நேரம் ஒரே தொடையின் மேல் கிடந்தால் அத்தனை எடையும் அழுத்தி அந்தச் சதையும் நரம்பும் நசிந்துபோகும். அப்புறம் எத்தனை பாட்டில் ஏற்றினாலும் மாடு எழாது.

இனி, திருவாடானை. ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய வட்டாரம் இது. கண்மாய்த் தண்ணீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பி ஒருபோக நெல். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு வீடு படப்பு எழும்பும். அடுத்த மழை வரை மாட்டுக்கு அந்த வைக்கோல்தான் சோறு. கூடவே தவிடு, கழுநீர், கையில் காசிருந்தால் கடலைப் புண்ணாக்கு. கோடையில் பச்சை என்று கண்ணில் படுவது பெரும்பாலும் சீமைக் கருவேலம். அதன் நெற்றை ஆடுகள் தின்னும், இலையை எதுவும் சீண்டாது.

நெல் வைக்கோலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஆக்சலேட் என்ற உப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருக்கிறது. அது வயிற்றில் கால்சியத்தைக் கண்டால் கட்டிப் பிடித்துக் கரையாத படிகமாக்கிவிடும். தீவனத்தில் கால்சியம் இருக்கிறது என்று கணக்கு சொல்லும், மாட்டுக்குச் சேராது, சாணியில் போய்விடும். இரண்டாவது, வைக்கோலில் பொட்டாசியம் ஏராளம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு தாளில்தான் தங்குகிறது, நெல்மணியில் இல்லை. பொட்டாசியத்துக்கும் பால் காய்ச்சலுக்கும் என்ன உறவு என்பதுதான் இந்த நோயின் மிக அழகான பகுதி.

சினைக் காலத்தில் கால்சியம் நிறையக் கொடுத்தால் ஈன்றபின் குறை வராது என்றுதான் யாரும் நினைப்போம். 1954-ல் கலிஃபோர்னியாவில் போடா, கோல் என்ற இருவர் நேர்மாறாகச் செய்தார்கள். ஈனுவதற்கு முன் ஜெர்சி மாடுகளுக்குக் கால்சியம் குறைந்த தீவனம் போட்டார்கள். பால் காய்ச்சல் குறைந்தது. முன்கூட்டியே பஞ்சத்தைக் காட்டினால் பாராதைராய்டு விழித்துக்கொள்கிறது; எலும்பும் குடலும் தயாராக நிற்கின்றன. 1960-களில் நார்வேயில் எண்டர், டிஷிங்டன் முதலானோர் இன்னொன்றைக் கண்டார்கள். கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தெளித்துப் பதப்படுத்திய ஊறுகாய்ப்புல் தின்ற மாடுகளுக்குப் பால் காய்ச்சல் வரவில்லை. 1997-ல் அமெரிக்காவின் அயோவாவில் கோஃப், ஹோர்ஸ்ட் இருவரும் முடிச்சை அவிழ்த்தார்கள். ஈனுவதற்கு முன் ஜெர்சி மாடுகளின் தீவனத்தில் கால்சியத்தைக் கூட்டியபோது நோய் கூடவில்லை, பொட்டாசியத்தையோ சோடியத்தையோ கூட்டியபோது கூடியது.

பொட்டாசியம் மிகுந்த தீவனம் மாட்டின் ரத்தத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. காரம் கூடினால், பாராதைராய்டு ஹார்மோன் போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகள் உருமாறிப் பூட்டும் சாவியும் பொருந்தாமல் போகின்றன. ஹார்மோன் சுரக்கும், எலும்பின் காதில் விழாது. போதாததற்கு, பொட்டாசியம் மிகுந்தால் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதும் தடைபடுகிறது. அந்த ஹார்மோன் சுரக்கவும் வேலை செய்யவும் மெக்னீசியம் வேண்டும்.

ஆக, ஆண்டு முழுக்க வைக்கோல் தின்கிற நம் மாட்டுக்கு இரண்டு விதமான நெருக்கடி. ஆக்சலேட்டால் எலும்பின் சேமிப்பே மெல்ல மெல்லத் தேய்கிறது. பொட்டாசியத்தால் இருக்கிற சேமிப்பையும் அவசரத்துக்கு எடுக்க முடிவதில்லை. போடா, கோல் சொன்ன பஞ்சம் இங்கே இயல்பாகவே இருக்கிறதே, அப்படியானால் நம் மாடுகள் தயாராகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கடைசி சில வாரப் பஞ்சம் வேறு, ஆண்டுக்கணக்கான பட்டினி வேறு.

மேலைநாட்டுப் பண்ணைகள் இதற்குக் கண்ட வழி, ஈனுவதற்கு முந்திய மூன்று வாரம் அம்மோனியம் குளோரைடு, மெக்னீசியம் சல்ஃபேட் போன்ற உப்புகளைத் தீவனத்தில் கலந்து ரத்தத்தை லேசாக அமிலப் பக்கம் திருப்புவது. மூத்திரத்தின் பிஹெச் அளவைச் சோதித்து, அது 8-லிருந்து ஆறு, ஆறரைக்கு இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். இந்த உப்புகளின் சுவை மாட்டுக்கு ஆகவே ஆகாது. அளவு தவறினால் தீனியே எடுக்காது. ஒற்றை மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இது டாக்டர் சொன்னால் மட்டும் செய்யக்கூடிய காரியம். நம்மால் முடிந்தது வேறு. பால் வற்றிய காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று வாரத்தில், கடையில் விற்கும் கால்சியம் டானிக்கை வாங்கி ஊற்றாமல் இருப்பது. “கன்னு போடப் போகுது, சத்துக்கு ஊத்துறேன்” என்று அன்போடு செய்கிற அந்தக் காரியம் பாராதைராய்டைத் தூங்க வைக்கும். டானிக் வேண்டியது கன்று விழும் தறுவாயிலும், விழுந்த முதல் இரண்டு நாளும். மற்ற காலமெல்லாம் தாது உப்புக் கலவை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரித்து விற்கும் கலவையும் கிடைக்கிறது. வேலிமசாலோ அகத்தியோ நாலு செடி வரப்போரம் நின்றால் ஈன்ற மாட்டுக்கு அதைவிட நல்ல கால்சியம் இல்லை.

கிடை ஆடுகளின் கதை இன்னொரு திசையில் போகிறது. மாட்டுக்கு ஈன்றபின் வருவது, செம்மறிக்கு ஈனுவதற்கு முன்பே வரும். குட்டிகளின் எலும்பு பெரும்பாலும் கடைசி மாதத்தில்தான் கட்டப்படுகிறது. இரட்டைக் குட்டி என்றால் தேவை இரட்டிப்பு. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் தஞ்சாவூர்ப் பக்கம் வரை நடப்பார்கள். நிறைசினை ஆட்டை நெடுந்தூரம் ஓட்டினாலோ, லாரியில் ஏற்றி இறக்கினாலோ, ஒரு நாள் மழையில் தீனியில்லாமல் அடைத்து வைத்தாலோ போதும். மறுநாள் கிடையில் இரண்டு மூன்று ஆடுகள் தாடையைத் தரையில் ஊன்றி, பின்னங்காலைப் பின்னால் நீட்டிக் கிடக்கும். ஒன்றல்ல, ஒரே நேரத்தில் பல விழும். இதனால் விஷம் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் கிளம்பி ஊர்ச் சண்டையாவதும் உண்டு.

சில சமயம் விஷமும்தான், ஆனால் மனிதர் வைத்ததல்ல. முதல் மழைக்குத் தரிசில் தழைக்கும் சாரணையிலும் தரைப்பசலையிலும், கடலோர உவர் நிலத்து உமரியிலும் ஆக்சலேட் மிகுதி. பசித்த வயிற்றோடு ஒரேயடியாக மேய்ந்தால் அது ரத்தம் வரை போய் அங்கேயே கால்சியத்தைக் கட்டிவிடும். அதே ஆட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் ஒன்றும் ஆகாது. காரணம், இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியா. ஆக்சலேட்டைத் தவிர வேறெதையும் பெரிதாகத் தின்னாத அதை 1980-ல் செம்மறியின் இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஆக்சலோபாக்டர் என்று பெயர். தீனியில் ஆக்சலேட் கூடக் கூட அதன் கூட்டமும் பெருகும், சில நாள் ஆகும். புது மேய்ச்சலில் முதல் நாளே வயிறு நிறைய விடாதே, வைக்கோலோ தழையோ காட்டிவிட்டு ஓட்டு என்று கீதாரிகள் சொல்வது அந்தப் பாக்டீரியாவுக்கு அவகாசம் கொடுப்பதுதான்.

இதே கால்சியக் குறைவு நாய்க்கு வந்தால் அடையாளமே மாறிவிடும். பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய், ஐந்தாறு குட்டி போட்டு, இரண்டு மூன்று வாரம் பாலூட்டிய பிறகு, திடீரென்று மூச்சிரைத்து, கால்கள் விறைத்து, உடம்பு உதறும். ஜுரமும் ஏறும். மாட்டில் உத்தரவு தசைக்குப் போய்ச் சேரவில்லை. நாயில் நரம்பு கட்டுக்கடங்காமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. குறைந்தது ஒரே சத்து, ஒன்று துவள்கிறது, மற்றது துடிக்கிறது. மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குட்டிகளை ஒரு நாள் தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுக்க வேண்டும். கோழி இதில் கெட்டிக்காரி. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் 2 கிராம் கால்சியம் வேண்டும் என்பதால், எலும்பின் உட்குழியில் எடுத்துச் செலவழிக்கவென்றே தனியாக ஒரு எலும்பைக் கட்டி வைத்துக்கொள்கிறது. கோழித் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் சேர்ப்பது அந்தக் கிடங்கை நிரப்பத்தான்.

விழுகிற மாடு கண்ணுக்குத் தெரியும். விழாமலே கால்சியம் அரைகுறையாக இறங்கி நிற்கும் மாடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம். தீனி கொஞ்சம் குறையும், பால் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. கருப்பைத் தசைக்கு வலுவில்லாததால் நஞ்சுக்கொடி தங்கும், சிலதுக்குப் பை தள்ளும். காம்பின் நுனியை மூடும் தசை சரியாக மூடாததால் தரையிலுள்ள கிருமி உள்ளே போய் மடிநோய் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஊசி போட்டுக்கொண்டிருப்போம்.

தொழுவத்தில் மாடு விழுந்தால் 1962 என்ற இலவச எண்ணுக்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். போனில் மூன்று தகவலை முதலிலேயே சொல்லிவிட்டால் பாட்டிலோடு வருவார்கள்: கன்று போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனையாவது ஈத்து, காது சில்லென்றிருக்கிறதா. ஒரு தடவை விழுந்து எழுந்த மாடு அடுத்த ஈத்திலும் விழ வாய்ப்பு அதிகம். அதனால் சந்தையில் மூன்றாம், நான்காம் ஈத்துச் சினை மாடு வாங்குபவர் பல்லைப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்த கையோடு, “போன ஈத்துல பாட்டில் ஏத்துனீங்களா?” என்றும் கேட்க வேண்டும். விற்பவர் இல்லை என்றுதான் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு அதிக மதிப்புக் கொடுக்காமல், கன்று போடும் நாளைக் கணக்குப் போட்டு, ஒரு வாரம் முன்பே உள்ளூர் டாக்டரிடம் சொல்லி வைத்துவிடுவது நல்லது.